பிளேக்கை துணி மாஸ்க்கால் எதிர்கொண்ட பினாங்கு டாக்டர்... இன்றைய என்-95க்கு முன்னோடி! யார் இந்த வூ லியென்-டே?

மெடிக்கல் ஷாப்புக்குப் போய் மாஸ்க் கேட்டா, கடைக்காரர் நாலஞ்சு வகையை எடுத்துப் போடுவார். நீல நிற மூன்றடுக்கு மாஸ்க், துணி மாஸ்க், வால்வு வச்ச மாஸ்க், என்-95னு அச்சடிச்ச வெள்ளை மாஸ்க். விலையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. இதில் எது உண்மையிலேயே காப்பாத்தும், எது சும்மா முகத்தை மறைக்கும்னு பலருக்கும் குழப்பம்தான்.

இந்தக் குழப்பம் புதுசு இல்லை. 1910ஆம் ஆண்டு குளிர்காலத்தில், சீனாவின் வடகிழக்கு மூலையில், இதே கேள்வியோடு ஒரு இளம் டாக்டர் நின்றார். மாஸ்க் போடணுமா வேண்டாமா, போட்டா எப்படிப்பட்டது போடணும் என்பது அப்போ உயிர் போகிற விஷயம். அவருடைய பதிலை ஏற்க மறுத்த இன்னொரு டாக்டர், சில நாட்களிலேயே இறந்து போனார்.

அந்த இளம் டாக்டரின் பெயர் வூ லியென்-டே. இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் என்-95 மாஸ்க்கின் முன்னோடியாகச் சொல்லப்படுவது அவர் உருவாக்கிய மாஸ்க்தான். யார் இவர்? அவர் மாஸ்க்கில் அப்படி என்ன விசேஷம்? இன்று மாஸ்க் வாங்கும் நமக்கு அதில் என்ன பாடம்? விரிவாகப் பார்க்கலாம்.

பினாங்கில் பிறந்த பொற்கொல்லர் மகன்

வூ லியென்-டே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். இன்றைய மலேசியாவில் இருக்கும் பினாங்கு அப்போ பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அப்பா சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். அம்மா பினாங்கிலேயே பிறந்த சீன வம்சாவளிப் பெண்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ, படிப்பில் கெட்டிக்காரர். 1896ஆம் ஆண்டு குயின்ஸ் ஸ்காலர்ஷிப் என்ற உதவித்தொகையை வென்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் படிக்கப் போனார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் இவர்தான்.

அதோடு நிற்கவில்லை. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பயிற்சி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆய்வு, ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் என்று ஐரோப்பாவின் பெரிய ஆய்வுக்கூடங்களில் கிருமிகளைப் பற்றிப் படித்தார். நுண்ணோக்கி வழியாக நோயைத் தேடும் பழக்கம் அங்கேதான் வந்தது. பிறகு ஹார்பினில் அவருக்குக் கைகொடுத்ததும் அதுதான்.

படிப்பு இருந்தும் பதவி இல்லை

1903ஆம் ஆண்டு மலாயாவுக்குத் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றியும், வயிற்றில் வரும் உருண்டைப் புழுக்கள் பற்றியும் ஆய்வு செய்தார். ஆனா அரசு மருத்துவத் துறையின் உயர்ந்த பதவிகள் அன்றைக்கு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்தும் வூவுக்கு அங்கே மேலே போக வழி இல்லை.

1904ஆம் ஆண்டு இறுதியில் பினாங்கு திரும்பி சொந்தமாக மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். அவர் கிளினிக் வைத்தது ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில். சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிக்கும் பெயர். அவர்கள் குடியேறி வாழ்ந்ததால் தெருவுக்கே அந்தப் பெயர் வந்தது.

அந்தக் காலத்தில் மலாயாவில் அபின் பழக்கம் குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சீரழித்துக்கொண்டிருந்தது. அபின் வியாபாரத்தில் அரசுக்கும் பெரிய வருமானம். வூ அபின் எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கினார், 1906ஆம் ஆண்டு மாநாடே நடத்தினார். பெரிய இடத்து ஆட்களின் பகை வந்தது. அவர் கிளினிக்கில் சோதனை போட்டு, மருந்துக்காக வைத்திருந்த கொஞ்சம் அபின் டிங்சரைக் காட்டி வழக்குப் போட்டார்கள். மேல்முறையீடும் எடுபடவில்லை.

பினாங்கில் இனி இருக்க முடியாது என்ற நிலையில், சீன அரசிடமிருந்து அழைப்பு வந்தது. தியான்ஜின் நகரில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநர் பதவி. 1908இல் சீனா போனார். ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர் என்பதால் மாண்டரின் அவருக்குச் சரளமாக வராது. சீன முகம், ஆங்கிலப் படிப்பு, மலாயா பிறப்பு. எங்கே போனாலும் பாதி வெளியாள் என்ற நிலைமைதான்.

ஹார்பினில் என்ன நடந்தது?

1910ஆம் ஆண்டு இலையுதிர் காலம். மஞ்சூரியாவில் மக்கள் திடீர் திடீரென சாக ஆரம்பித்தார்கள். முதலில் காய்ச்சல், அப்புறம் இருமல், இருமலில் ரத்தம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நோய் வந்தவர்களில் பிழைத்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

இது எங்கிருந்து வந்தது? மஞ்சூரியா, மங்கோலியா, சைபீரியா புல்வெளிகளில் டார்பகான் என்ற ஒரு வகை மர்மோட் வாழும். பெரிய அணில் மாதிரியான, வளை தோண்டி வாழும் பிராணி. அதன் ரோமத் தோலுக்கு அப்போ ஐரோப்பாவில் திடீர் கிராக்கி. விலை ஏறினதும் ஆயிரக்கணக்கான புது ஆட்கள் வேட்டைக்கு வந்தார்கள். அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் சோர்ந்து கிடக்கும் பிராணியைத் தொட மாட்டார்கள். புதுசா வந்தவர்களுக்கு அது தெரியாது. நோய் பிடித்த பிராணிகளையும் பிடித்தார்கள்.

குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிய நெரிசலான சத்திரங்களில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள். பிறகு ரயில் ஏறினார்கள். ரயில் பாதையிலேயே நோயும் பயணம் செய்தது. ரயில் சந்திப்பான ஹார்பின் அருகே, சீனத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஃபூசியாதியன் பகுதி கொலைக்களமாக மாறியது.

பீக்கிங் அரசு யாரை அனுப்பலாம்னு தேடியது. சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ரயிலேறி ஊருக்குத் திரும்பும் நேரம். அதற்குள் தடுக்கவில்லை என்றால் நோய் சீனா முழுக்கப் பரவும். அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டவர் வூ. அப்போ அவருக்கு வயது 31.

1910 டிசம்பர் 24ஆம் தேதி ஹார்பின் வந்து இறங்கினார். கூட வந்தது ஒரே ஒரு மூத்த மாணவர். கையில் ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் ரசாயனங்கள். அவ்வளவுதான்.

ரகசியமாக நடந்த பிரேதப் பரிசோதனை

இறந்தவர் உடலை அறுப்பது அன்றைய சீன வழக்கத்துக்கு முற்றிலும் எதிரானது. வெளியே தெரிந்தால் கலவரமே வரலாம். ஆனா என்ன நோய்னு தெரியாமல் எதைத் தடுப்பது?

டிசம்பர் 27ஆம் தேதி, சத்திரம் நடத்திவந்த ஒரு ஜப்பானியப் பெண் இறந்த தகவல் வந்தது. வூவும் அவர் மாணவரும் அங்கே போய், சத்தமில்லாமல் பரிசோதனை செய்தார்கள். ரத்தம், நுரையீரல், மண்ணீரல் மாதிரிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தெரிந்தது பிளேக் கிருமி.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. பிளேக் என்றால் எலி, எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி, அது கடித்து மனிதருக்கு வரும். அன்றைய மருத்துவ உலகம் உறுதியாக நம்பியது இதைத்தான். இந்தியாவில் பிளேக் பரவியபோது நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. அது சரியான முடிவுதான், அந்த வகை பிளேக்குக்கு.

ஆனா ஹார்பினில் இறந்தவர்களுக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டவில்லை. எல்லாருக்கும் நுரையீரல்தான் பாதிப்பு. ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறது. அப்படியானால் இது எலி வழியாக வரவில்லை, மூச்சு வழியாக மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று வூ முடிவுக்கு வந்தார். நுரையீரல் பிளேக்.

மூச்சு வழியாகப் பரவுகிறது என்றால் எலி பிடிப்பதில் மட்டும் பயனில்லை. மூக்கையும் வாயையும் மூடணும்.

மாஸ்க் போட மறுத்த பேராசிரியர்

வூவின் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஹார்பினுக்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி, தியான்ஜினில் பேராசிரியராக இருந்தவர். பிளேக் அனுபவம் உள்ளவர். வயதிலும் பதவியிலும் மூத்தவர். ஒரு சீன இளைஞன் தனக்குப் பாடம் எடுப்பதா என்று கொதித்தார். வூவை அவமானப்படுத்திப் பேசினார். பொறுப்பைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி அரசிடமும் கேட்டார்.

வூ சண்டை போடவில்லை. பதவி விலகத் தயார் என்று பீக்கிங்குக்குத் தந்தி அனுப்பினார். அரசு அவர் பக்கம் நின்றது.

கோபத்தோடு போன மெஸ்னி, பிளேக் மருத்துவமனையில் நோயாளிகளைப் பரிசோதித்தார். கோட்டும் கையுறையும் போட்டிருந்தார், மாஸ்க் மட்டும் போடவில்லை. சில நாட்களில் அவருக்கே காய்ச்சலும் இருமலும் வந்தது. 1911 ஜனவரி 11ஆம் தேதி இறந்தார்.

இந்த மரணம் ஹார்பினையே உலுக்கியது. அதுவரை அலட்சியமாக இருந்தவர்கள்கூட மாஸ்க் தேட ஆரம்பித்தார்கள். எத்தனை விளக்கம் சொல்லியும் வராத நம்பிக்கை, ஒரு டாக்டரின் உயிர் போனதும் வந்தது.

வூ உருவாக்கிய மாஸ்க் எப்படி இருந்தது?

மாஸ்க்கை முதன்முதலில் கண்டுபிடித்தவர் வூ என்று சிலர் எழுதுவார்கள். அது சரியில்லை. ஐரோப்பாவில் 1897லேயே அறுவை சிகிச்சை அறையில் சில டாக்டர்கள் காஸ் துணி மாஸ்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனா அது நோயாளியின் புண்ணில் டாக்டரின் எச்சில் தெறிக்காமல் இருக்க.

வூ அதை இரண்டு விதத்தில் மாற்றினார். ஒன்று, போட்டிருப்பவரைக் காப்பாற்றும் கவசமாக்கினார். இரண்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தார். டாக்டர், நர்ஸ், போலீஸ், பிணம் தூக்குபவர், பொதுமக்கள் என எல்லாருக்கும்.

செய்முறை ரொம்ப எளிது. கடையில் கிடைக்கும் 9 அங்குல அகல காஸ் துணியை 3 அடி நீளத்துக்கு வெட்டணும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, நடுவில் 4க்கு 6 அங்குல அளவில் தட்டையான பஞ்சை வைக்கணும். இரண்டு முனையிலும் கத்தரியால் வெட்டி, மூன்று மூன்று பட்டைகளாகப் பிரிக்கணும். அந்தப் பட்டைகளைத் தலையைச் சுற்றி மேலேயும் கீழேயுமாக இழுத்துக் கட்டணும். வெளியே குளிர் உறைய வைத்தாலும், எவ்வளவு நடந்தாலும் குனிந்தாலும் மாஸ்க் நகராது.

இதில் மூணு விஷயத்தைக் கவனிங்க.

முதலாவது, வடிகட்டி. வெறும் துணி போதாது, அதற்குள் பஞ்சு வேணும் என்று பல அடுக்கு வைத்தார்.

இரண்டாவது, முகத்தோடு ஒட்டுவது. பட்டைகள் மூணு வைத்தது அழகுக்காக இல்லை. ஓரத்தில் இடைவெளி விழக்கூடாது என்பதற்காக.

மூணாவது, கிடைப்பது. எந்த ஊர்க் கடையிலும் இருக்கும் பொருள், மலிவான விலை, யாரும் வீட்டிலேயே செய்யலாம். உயர்ந்த ரக மாஸ்க் நாலு பேரிடம் மட்டும் இருந்தால் தொற்று நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் வந்த ஒரு தொற்றின்போது அவர் மேற்பார்வையில் 60,000 மாஸ்க்குகள் தயாராகி விநியோகம் ஆனது.

மாஸ்க் மட்டும் போதுமா?

போதாது. இது வூவுக்கும் தெரியும். ஃபூசியாதியனை நாலு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் இருப்பவர் அனுமதி இல்லாமல் இன்னொரு பகுதிக்குப் போக முடியாது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகளை மருத்துவமனைக்கும், அவர்களோடு பழகியவர்களைத் தனி இடத்துக்கும் மாற்றினார்கள். தனிமைப்படுத்த இடம் போதாமல் போனபோது, ரஷ்ய ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகளைக் கடன் வாங்கினார்கள். ரயில் பயணத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

அடுத்த பிரச்சினை சடலங்கள். தரை கல்லாக உறைந்து கிடந்ததால் புதைக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் சவப்பெட்டிகளிலும் வெளியிலும் கிடந்தன. எரிப்பது ஒன்றுதான் வழி. ஆனா முன்னோர் வழிபாட்டை உயிராக நினைக்கும் சமூகத்தில், அடுத்தவர் உறவினரின் உடலை எரிக்க யாருக்கு உரிமை இருக்கு?

வூ பேரரசரின் அனுமதியையே கேட்டார். கிடைத்தது. சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி கடைசியில் மண்ணெண்ணெய் ஊற்றி உடல்கள் எரிக்கப்பட்டன. பிறகு மரணங்கள் படிப்படியாகக் குறைந்தன. மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது.

அதற்குள் ஃபூசியாதியனில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். மஞ்சூரியா முழுவதும் சேர்த்து சுமார் 60,000 பேர் இறந்ததாகக் கணக்கு. அப்போது இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வர இன்னும் பல வருடம் இருந்தது. தடுப்பதைத் தவிர வேற வழியே இல்லாத நேரத்தில், தடுத்தே நிறுத்தினார்கள்.

உலகமே வந்து கேட்ட மாநாடு

1911 ஏப்ரலில், முக்டென் நகரில் சர்வதேச பிளேக் மாநாடு நடந்தது. இன்றைய ஷென்யாங்தான் அந்த நகரம். 11 நாடுகளின் நிபுணர்கள் வந்தார்கள். பிளேக் கிருமி ஆய்வில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானின் கிடசாட்டோவும் வந்திருந்தார். அந்தச் சபைக்குத் தலைவர் வூ லியென்-டே. சில வருடங்களுக்கு முன் பினாங்கில் பதவி கிடைக்காமல் சொந்தமாகக் கிளினிக் வைத்த அதே டாக்டர்.

அடுத்த வருடம் மஞ்சூரியாவுக்கென்றே பிளேக் தடுப்புச் சேவையை ஏற்படுத்தி நடத்தினார். 1920-21இல் பிளேக் மறுபடியும் வந்தபோது, மருத்துவமனைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் தயாராக இருந்தார்கள். அந்த முறையும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தாலும், முதல் தடவையோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு.

சீன மருத்துவர்கள் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அதன் தலைவர், பீக்கிங்கில் 1918இல் தொடங்கிய மத்திய மருத்துவமனைக்குக் காரணமானவர், 1930இல் சீனாவின் தேசிய தனிமைப்படுத்தல் சேவைக்கு முதல் இயக்குநர். அடுத்தடுத்து பொறுப்புகள் வந்தன. 1935இல் மருத்துவ நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. ஆனா மலாயாவில் பிறந்த ஒருவர் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

சொந்த வாழ்க்கை அப்படி அமையவில்லை. சீனாவில் இருந்த காலத்திலேயே மனைவியையும் மூன்று மகன்களில் இருவரையும் பறிகொடுத்தார்.

மீண்டும் மலாயா

1937இல் ஜப்பான் சீனா மீது முழுப் போர் தொடுத்தது. வூ மலாயா திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண டாக்டராக கிளினிக் வைத்தார். போர் அங்கேயும் விடவில்லை. 1943இல் ஜப்பானை எதிர்த்த போராளிகள் அவரைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து வெளியே வந்தால், போராளிகளுக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்கு ஜப்பானியர் நடவடிக்கை எடுக்கப் பார்த்தார்கள். தான் சிகிச்சை கொடுத்த ஒரு ஜப்பானிய அதிகாரியால் தப்பினார்.

80 வயது வரை நோயாளிகளைப் பார்த்தார். 1959இல் சுயசரிதை வெளிவந்தது. பினாங்கில் வீடு வாங்கி, கடைசிக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க நினைத்தார். 1960 ஜனவரி 21ஆம் தேதி பக்கவாதத்தால் காலமானார்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மருத்துவ வரலாறு படிப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அவரை மறந்தே போனார்கள். கொரோனா வந்தபோதுதான் உலகம் மறுபடியும் தேடியது. 2021 மார்ச் 10, அவர் பிறந்த நாளில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது.

காஸ் துணியிலிருந்து என்-95 வரை

வூவின் மாஸ்க்கை இன்று அப்படியே செய்து போட்டால் போதுமா? போதாது. அன்றைக்கு இருந்ததில் அது சிறந்தது, அவ்வளவுதான்.

1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூ பரவியபோது சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் காஸ் மாஸ்க்கைக் கட்டாயமாக்கினார்கள். பலன் எதிர்பார்த்த அளவு இல்லை. ஏன்னு கலிபோர்னியாவில் சோதித்துப் பார்த்து 1920இல் முடிவை வெளியிட்டார்கள். அடுக்கு குறைவாக இருந்தால் கிருமி உள்ளே போகிறது. அடுக்கைக் கூட்டினால் மூச்சு அதன் வழியாகப் போகாமல் ஓரத்து இடைவெளி வழியாகப் போகிறது. வடிகட்டியும் நல்லா இருக்கணும், மூச்சும் விட முடியணும், ஓரமும் ஒட்டணும். துணியால் இந்த மூணையும் ஒன்றாகக் கொடுக்க முடியவில்லை.

இதற்கு விடை செயற்கை இழையில் கிடைத்தது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, காற்றால் ஊதி, முடியைவிட மெல்லிய இழைகளாக்கி விரிப்பு செய்கிறார்கள். அதில் மின்னூட்டம் ஏற்றினால், சீப்பு காகிதத் துண்டை இழுக்கிற மாதிரி அது நுண்துகளை இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாய் என்ற விஞ்ஞானியின் குழு 1990களில் இந்த முறையை மேம்படுத்தியது. இழைகள் நெருக்கமாக இல்லாததால் மூச்சு விடவும் முடிகிறது.

என்-95 என்பது கம்பெனி பெயர் இல்லை, அமெரிக்கத் தர அளவு. பிடிப்பதற்கு மிகக் கஷ்டமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கணும் என்பது இதன் அர்த்தம்.

கடையில் என்ன பார்க்கணும்?

வூ வைத்த அதே மூணு கேள்விதான்.

1. வடிகட்டி உண்மையானதா? இந்தியாவில் இதற்கான தரம் ஐஎஸ் 9473. மாஸ்க்கிலோ பெட்டியிலோ ஐஎஸ்ஐ முத்திரையும், இந்த எண்ணும், எப்எப்பி2 என்ற வகையும் இருக்கான்னு பாருங்க. முத்திரையோடு உரிம எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் உண்மையா போலியானு தெரியும். வெறுமனே என்-95னு அச்சடித்திருந்தால் அது எதையும் நிரூபிக்காது. அமெரிக்க அங்கீகாரம் பெற்ற என்-95 என்றால் பட்டை தலைக்குப் பின்னால் போகும். காதில் மாட்டுகிற வளையத்தோடு அமெரிக்க அங்கீகாரம்னு சொன்னா சந்தேகப்படுங்க. நீல மூன்றடுக்கு மாஸ்க்குக்கு வேற தரம், அது நீங்கள் இருமினால் தெறிப்பதைத் தடுக்கத்தான் முக்கியமா உருவானது.

2. முகத்தில் ஒட்டுதா? மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி வளைங்க. மாஸ்க்கை இரண்டு கையாலும் மூடி வேகமா மூச்சு விடுங்க. கண்ணுக்குப் பக்கத்திலோ கன்னத்திலோ காற்று அடித்தால், அந்த இடைவெளி வழியா தூசியும் கிருமியும் உள்ளே வரும். கண்ணாடி போடுபவருக்கு கண்ணாடியில் ஆவி படிவதே அடையாளம். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. உங்க முகத்துக்குப் பொருந்தாத விலை கூடிய மாஸ்க்கைவிட, பொருந்துகிற சாதாரண எப்எப்பி2 மேல்.

3. தினமும் போட முடியுமா? மூச்சு முட்டி பாதி நேரம் தாடைக்குக் கீழே இறக்கிவிடுவீங்கன்னா எந்த மாஸ்க்கும் உதவாது. ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியாக வாங்குங்க.

இன்னும் சில விஷயங்கள். இந்த மாஸ்க்கைத் துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கவும் கூடாது. மின்னூட்டம் போய்விடும். நனைந்தாலோ, அழுக்கானாலோ, பட்டை தளர்ந்தாலோ மாற்றிடுங்க. வால்வு மாஸ்க் தூசிக்குச் சரி. ஆனா உங்களுக்கே இருமல் காய்ச்சல் இருந்தால் வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். இதனால்தான் 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையும் வால்வு மாஸ்க் பற்றி மாநிலங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பெயின்ட் நெடி, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை எந்த என்-95ம் தடுக்காது. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் நீண்ட நேரம் போடும் முன் டாக்டரைக் கேளுங்க.

டிபி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார், கட்டட வேலையில் சிமென்ட் தூசியில் நிற்பவர், புகையில் பைக் ஓட்டுபவர். இவர்களுக்கு மாஸ்க் கொரோனாவோடு முடிந்துபோன விஷயம் இல்லை. அடுத்த தடவை வாங்கும்போது பெட்டியைத் திருப்பி எண்ணைப் பாருங்க, போட்டதும் ஊதிப் பாருங்க. மொத்தம் ஒரு நிமிஷம்தான் ஆகும்.